மெஷின் இல்லாமல் எஸ்பிரஸோ மாதிரி கெட்டிக் கோப்பி: வீட்டுச் சாமானை வைத்துப் போட முடியுமா?

சிப்புட்வாசி:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். வீட்டில் எஸ்பிரஸோ மெஷின் இல்லை, வாங்கும் திட்டமும் இல்லை. சின்னக் கப்பில் நாலு மடக்குக் குடித்தால் போதும் என்கிற மாதிரி கெட்டிக் கோப்பி வேண்டும். இரண்டு பேருக்கு, காலை ஐந்தரை மணிக்குள். ஒருவர் கறுப்பாகவே குடிப்பார். இன்னொருவருக்குப் பால் வேண்டும், ஆனால் பால் ஊற்றிய பிறகும் கோப்பி ருசி அமுங்கிப் போகக் கூடாது.

கையில் இருப்பது: கேஸ் அடுப்பு, மேல் கீழ் என்று இரண்டு பாகமாக வரும் நடுத்தர அளவு சில்வர் ஃபில்டர், மிக்ஸி, கடைக்காரர்கள் கோப்பி வடிக்கிற துணிப்பை ஒன்று, ஒரு கிராம் வரை காட்டும் தராசு. இப்போது புழங்குகிற தூள் மளிகைக்கடையில் கிடைக்கிற சாதாரணக் கறுப்புக் கோப்பித்தூள். தூளைக் கூட்டினால் கசப்புதான் ஏறுகிறது, கெட்டி ஏறுவதில்லை. அது ஏன்? எந்தத் தூள் வாங்க வேண்டும், தூளுக்குத் தண்ணீர் எவ்வளவு?

இன்னொன்று. பிரஷர் குக்கரின் விசில் துளையில் குழாய் மாட்டி எஸ்பிரஸோ எடுக்கலாம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அது சரிப்படுமா?


வறுகடை:

தம்பி, முதலில் எது முடியும், எது முடியாது என்று பிரித்துக்கொள்வோம்.

எஸ்பிரஸோ அழுத்தத்தின் வேலை. மெஷினில் 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 விநாடிக்குள், 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 டிகிரி சூட்டில் இறங்கும். கடை மெஷின்களில் தூள் போடும் கூடை பெரும்பாலும் 58 மில்லிமீட்டர் அகலம். அந்தப் பரப்பில் 9 பார் என்றால் கணக்குப்படி ஏறக்குறைய 240 கிலோ பாரம். வீட்டுச் சாமானை வைத்துக் கையால் அமுக்கி அதை எட்ட முடியாது. மேலே செம்பழுப்பாக நிற்கிற நுரையும் அந்த அழுத்தத்தால் வருவதுதான். தூளில் இருக்கிற கரியமில வாயு அழுத்தத்தில் கோப்பிக்குள் கரைந்து, கப்பில் விழுந்ததும் குமிழாக வெளியே வருகிறது. ஆக, அந்த நுரை வீட்டுச் சாமானில் வராது. வரும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கெட்டி அப்படி இல்லை. அது முழுக்க நம் கையில் இருக்கிறது. 100 கிராம் எஸ்பிரஸோவில் 8 முதல் 12 கிராம் வரை கோப்பி கரைந்திருக்கும். சாதாரணமாக வடிக்கிற கோப்பியில் 1.2 முதல் 1.5 கிராம்தான். இந்த இடைவெளியில் பாதிக்கு மேல் ஏறிவிட அழுத்தம் தேவையில்லை. தண்ணீரைக் குறைத்து, தூளை நைசாக்கினால் போதும். பலர் செய்வது நேர்மாறு: தண்ணீரை அப்படியே வைத்து, தூளைப் போட்டு அடுப்பில் கொதிக்க விடுகிறார்கள். வறுத்த கொட்டையில் தண்ணீரில் கரையக் கூடியதே நூற்றுக்கு 30 பங்கு அளவுதான். அதில் முதல் 18 முதல் 22 பங்கு வரை நல்ல ருசி. அதற்கு மேல் வருவது கசப்பும் துவர்ப்பும். கொதிக்க விட்டால் அந்தக் கடைசிப் பங்கும் வந்துவிடும், வாசனை ஆவியோடு போய்விடும்.

உங்கள் தூளுக்கு வருகிறேன். நம் ஊர்க் கறுப்புத் தூளில் பெரும்பாலானது வறுபடும் கடைசிக் கட்டத்தில் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக்கியது. கருகிய சீனி கொட்டைமேல் பூச்சாகப் படிந்துவிடும். அந்தக் கறுப்பு நிறத்தில் பாதி சீனியின் நிறம். நீங்கள் 30 கிராம் தூள் போடும்போது உள்ளே இருக்கிற கோப்பி 30 கிராம் இல்லை, மிச்சம் கருகல். அதனால்தான் தூளைக் கூட்டக் கூட்டக் கசப்பு மட்டும் ஏறுகிறது. போதாததற்கு அந்தப் பூச்சு சூட்டில் இளகி ஃபில்டர் துளைகளில் பிசினாக ஒட்டும்.

பாக்கெட்டின் பின்னால் சேர்க்கைப் பட்டியலைப் பாருங்கள். மலாயில் ‘பிஜி கோப்பி’ (கோப்பிக் கொட்டை) என்று மட்டும் இருந்தால் வாங்கலாம். ‘குலா’ (சீனி), ‘மார்ஜெரின்’ என்று இருந்தால் அது வேறு வேலைக்கு. ‘கோப்பி சம்புரான்’ (கலப்புக் கோப்பி) என்று போட்டிருந்தால் கோப்பி அல்லாத பொருளும் கலந்தது, அதை எடுக்கவே வேண்டாம்.

இன வகையில், அரபிக்கா வாசனைக்கு, ரொபஸ்டா கனத்துக்கு. அரபிக்காவைவிட ரொபஸ்டாவில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால் ஊற்றினாலும் ருசி நிற்க வேண்டும் என்றால் 60 பங்கு அரபிக்கா, 40 பங்கு ரொபஸ்டா சரியாக இருக்கும். ஜொகூரில் விளைகிற லைபீரிக்கா இனக் கொட்டை கிடைத்தால் தனியாகப் போட்டுப் பாருங்கள், பலாப்பழ வாசம் அடிக்கும், கறுப்பாகக் குடிக்க அருமை. பாலில் அந்த வாசம் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. ஈப்போ வெள்ளைக் கோப்பி என்கிற வறுவலில் சீனி சேர்ப்பதில்லை, மார்ஜரின் மட்டும். கொட்டையாகக் கிடைத்தால் அதுவும் உங்களுக்கு ஒத்துவரும். மூன்று-சேர்த்த பாக்கெட்டுகள் வேண்டாம், அவற்றில் பெரும்பங்கு சீனியும் பால்பொடி மாதிரி வெள்ளைப் பொடியும்தான்.


டிக்காஷன்_அக்கா:

சில்வர் ஃபில்டர் வைத்திருக்கும்போது வேறு எதையும் தேட வேண்டியதில்லை தம்பி. ஆனால் எல்லாரும் தண்ணீரை மேல் பாகம் நிறைய ஊற்றிவிடுகிறார்கள். பாத்திரத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக ஊற்றக் கூடாது. தூளை நிறுத்துத் தண்ணீரை அளக்க வேண்டும்.

அளவு இது: தூள் 30 கிராம், தண்ணீர் 120 மில்லி. தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், அதாவது 60 மில்லி உள்ளேயே நின்றுவிடும். கீழே உங்களுக்குக் கிடைப்பது 60 மில்லி. ஆளுக்கு 30. அவ்வளவுதான், அதற்கு மேல் ஆசைப்பட்டால் கெட்டி போய்விடும்.

தூளின் நைஸ்: விரல்களுக்கு இடையில் தேய்த்தால் மேசை உப்பைவிடக் கொஞ்சம் நைசாக இருக்க வேண்டும், ஆனால் மாவாகக் கூடாது. மாவாக இருந்தால் துளை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும்.

செய்முறை. ஃபில்டரின் இரண்டு பாகத்திலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அரை நிமிஷம் வைத்துக் கொட்டுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். சில்வர் மெல்லிய தகடு, குளிர்ந்த பாத்திரத்தில் 120 மில்லி தண்ணீர் ஊற்றினால் முதல் நிமிஷத்திலேயே சூடு இறங்கிவிடும், கோப்பி புளிக்கும். பிறகு ஈரத்தைத் துடைத்து, தூளைப் போட்டு, பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி மட்டமாக்குங்கள். காம்பு வைத்த துளைத்தட்டை மேலே வைத்து விரலால் லேசாக அமுக்கினால் போதும். பலம் கொடுத்து அமுக்கினால் தூள் இறுகித் தண்ணீர் ஓரமாகவே வழி பார்த்து இறங்கிவிடும், நடுத்தூள் காய்ந்தே கிடக்கும்.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து அரை நிமிஷம் விடுங்கள். 94, 95 டிகிரிக்கு வந்திருக்கும். முதலில் 40 மில்லி மட்டும், சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள். தூள் புதியதாக இருந்தால் உப்பி எழும்பிக் குமிழ் விடும். முக்கால் நிமிஷம் காத்திருங்கள். எழும்பவே இல்லை என்றால் தூள் பழசு, வாயு எல்லாம் போய்விட்டது. பிறகு மிச்சம் 80 மில்லியைத் தட்டின்மேல் மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். 12 முதல் 15 நிமிஷத்தில் 60 மில்லி இறங்கியிருக்க வேண்டும். இந்த நேரத்தை வைத்துத்தான் தூள் சரியா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறங்கினால் தூள் கரகரப்பு, அரை மணி ஆனால் நைஸ் அதிகம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஊற்றும் முன் கீழ்ப் பாத்திரத்தை ஒரு ஸ்பூனால் கலக்குங்கள். முதலில் இறங்கியது மிகக் கெட்டி, அது அடியில் நிற்கும். கலக்காமல் ஊற்றினால் ஒருவருக்குத் தண்ணீர், இன்னொருவருக்குக் கஷாயம்.

அதே தூளில் இன்னொரு 100 மில்லி வெந்நீர் ஊற்றினால் இரண்டாம் டிக்காஷன் வரும். பத்து மணிப் பால் கோப்பிக்கு அது போதும். முதல் டிக்காஷனோடு கலந்துவிடாதீர்கள்.

ஐந்தரை மணிக்கு வேண்டும் என்றால் இரவே டிக்காஷன் எடுத்து வைக்கத் தோன்றும். வேண்டாம். விடிவதற்குள் வாசனை போய்விடும், திரும்பச் சூடாக்கினால் கசக்கும். இரவில் தூளை நிறுத்து மூடிபோட்ட சின்ன டப்பாவில் வைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது இறங்கியிருக்கும். ஆறியிருந்தால் டிக்காஷனை அடுப்பில் நேராக வைக்காமல், கொதிக்கிற தண்ணீர் உள்ள சட்டிக்குள் அந்தப் பாத்திரத்தை இரண்டு நிமிஷம் வைத்து எடுங்கள்.


நீராவி:

குக்கர் வீடியோவுக்குப் பதில்: செய்யாதீர்கள். இதில் இரண்டு பேச்சே இல்லை.

கோப்பித்தூள் கொதிக்கும்போது நுரைத்து மேலே ஏறும். குக்கரின் துளை சில மில்லிமீட்டர் அகலம்தான். நைசான தூள் அதில் போய் அடைத்தால் ஆவி போக வழி இல்லை. அதோடு குழாயையும் மாட்டினால் வெயிட் போடுகிற இடமே போய்விட்டது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. பாதுகாப்பு வால்வு வேலை செய்தால் கொதிக்கிற கோப்பி கூரைவரை அடிக்கும். அது செய்யாவிட்டால் மூடியே கிளம்பும். ஆவியை மட்டும் வெளியே குழாயில் எடுத்துப் பால் நுரைக்கலாம் என்பதும் அதே ஆபத்துதான். குழாய் கழன்றால் கை வெந்துவிடும்.

ஆபத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பலன் இல்லை. வீட்டுக் குக்கர் தருவது ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தம், உள்ளே சூடு 120 டிகிரி. எஸ்பிரஸோவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: அழுத்தம் ஒன்பது மடங்கு, சூடு இருபத்தைந்து, முப்பது டிகிரி குறைவு. குக்கரில் வருவது வெந்து கருகிய தண்ணீர்.

என்றைக்காவது ஒரே ஒரு சாமான் வாங்க மனம் வந்தால், அடியில் கொதிக்கிற தண்ணீரை ஆவி தூள் வழியாக மேலே தள்ளுகிற மோக்கா பாத்திரம் வாங்குங்கள். இத்தாலியில் 1933-இல் வந்த வடிவம், இன்றும் மாறவில்லை. அழுத்தம் ஒன்று முதல் இரண்டு பார்தான், ஆனால் ஐந்து நிமிஷத்தில் கெட்டிக் கோப்பி. மூன்று கப் அளவில் 15 முதல் 17 கிராம் தூள் பிடிக்கும். அடிப்பாகத்தில் தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும், வால்வை மூடக் கூடாது. ஏற்கனவே கொதித்த தண்ணீரை ஊற்றித் தொடங்குங்கள். பச்சைத் தண்ணீர் கொதிக்கிற நேரம் முழுக்கத் தூளும் சூட்டில் வறுபடும். தூளை நிரப்பி மட்டமாகத் தட்டுங்கள், அமுக்க வேண்டாம். சிறு தீ. மேலே தேன் நிறத்தில் வெளுக்கத் தொடங்கி ‘கொரகொர’ என்று சத்தம் வந்ததும் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஓட்டம் நின்றுவிடும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வருவதுதான் கசப்பு. அலுமினியம் பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது, கேஸ் உள்ளவர்களுக்குக் கவலை இல்லை.


கடைக்கோப்பி:

வறுகடை அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். சீனி போட்டு வறுத்த தூள் கெட்ட தூள் இல்லை. டின் பாலோடு குடிக்க அதைப் போல எதுவும் வராது. கருகிய சீனியின் கசப்பை டின் பாலின் இனிப்பு பிடித்து நிறுத்தும். அந்த ஜோடி நம் ஊர்க் கடைகளில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஜோடி. ஆனால் பால் இல்லாமல் சின்னக் கப்பில் குடிக்க அது இல்லை, அதில் அண்ணன் சொன்னது சரி.

உங்களிடம் துணிப்பை இருக்கிறதே, இருக்கிற தூள் தீரும்வரை அதில் போடுங்கள். 40 கிராம் தூள், 200 மில்லி கொதித்து இறக்கிய தண்ணீர். தூளைப் பைக்குள் போட்டு, பையைக் குவளைக்குள் இறக்கி, தண்ணீரை ஊற்றி ஒரு ஸ்பூனால் மூன்று சுற்று. நாலு நிமிஷம் மூடி வையுங்கள். பையைத் தூக்கி வடிய விட்டு, வடிந்ததை மறுபடி ஒரே ஒரு தடவை பை வழியாக ஊற்றுங்கள். 120 மில்லி கிடைக்கும். பையை முறுக்கிப் பிழியக் கூடாது. பிழிந்தால் நைசுத்தூள் துணி வழியாக வந்து கப்பின் அடியில் சேறாக நிற்கும், துவர்ப்பும் சேர்ந்து வரும். குவளைக்குக் குவளை உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவதால் கெட்டி கூடாது. சூடு குறையும், நுரை வரும், அதற்குத்தான் அது.

புதுப் பையை முதலில் வெறும் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்க வையுங்கள், கஞ்சி வாசம் போகும். பிறகு எப்போதும் சோப்புப் படக் கூடாது, துணி அந்த வாசத்தை விடவே விடாது. நம் ஊர் ஈரத்தில் நிழலில் தொங்கவிட்டால் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காய வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் மூழ்கவைத்து ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

அவசரத்துக்கு இன்னொரு வழி உண்டு, பலர் இளக்காரமாகப் பார்ப்பது. கலப்பில்லாத உடனடிக் கோப்பித்தூள் முழுக்கக் கரைவது. அதில் 3 கிராம் எடுத்து 27 மில்லி வெந்நீரில் கரைத்தால் நூற்றுக்குப் பத்துப் பங்கு, அதாவது எஸ்பிரஸோவின் அதே கெட்டி. வாசனை எஸ்பிரஸோ இல்லைதான். ஆனால் 120 மில்லி சூடான பாலில் ஊற்றினால் ருசி நிற்கும். கொதிக்கிற தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். முதலில் ஒரு தேக்கரண்டி பச்சைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு பிறகு வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டாது, கருகல் வாசமும் வராது.


சிப்புட்வாசி:

எல்லாருக்கும் நன்றி. குக்கரைத் தொடவில்லை. ஈப்போ லிட்டில் இந்தியாவில் அரபிக்கா, ரொபஸ்டா கலந்த கொட்டை கால் கிலோ வாங்கியாயிற்று, சிக்கரி இல்லாதது. மிக்ஸியில் அரைத்து அக்கா சொன்ன அளவில் போட்டால் தண்ணீர் மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது. டிக்காஷன் வெளிறி, புளிக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு அரைத்தால் பாதி இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது. இடையில் எங்கே பிடிப்பது?


வறுகடை:

இரண்டு கோளாறும் ஒரே இடத்திலிருந்து வருகிறது, மிக்ஸியிலிருந்து. கோப்பி அரைக்கும் கருவி கொட்டையை ஒரே அளவில் நசுக்கும். மிக்ஸியின் பிளேடு வெட்டும், வெட்டுவதில் பாதி மாவாகும், பாதி குருணையாக நிற்கும். குருணை வழியாகத் தண்ணீர் ஓடுகிறது, ஆகவே புளிப்பு. மாவு துளையை அடைக்கிறது, ஆகவே நின்றுவிடுகிறது. கூடுதலாக ஓடவிட்டால் மாவு மட்டும் பெருகும்.

சின்ன மசாலா ஜாரில் ஒரு தடவைக்கு 30 கிராமுக்கு மேல் போடாதீர்கள். இரண்டு விநாடி ஓட்டம், நிறுத்தம், ஜாரைத் தூக்கி ஒரு குலுக்கு. இப்படி எட்டு முதல் பத்து முறை. தொடர்ந்து ஓட்டினால் பிளேடு சூடேறித் தூள் அங்கேயே வாசனையை விட்டுவிடும். பிறகு மாவுச் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கிற குருணையை மட்டும் திரும்ப ஜாரில் போட்டு நாலு ஓட்டம். அதற்குப் பிறகும் மேலே நிற்பதை எடுத்துத் துணிப்பைக் கோப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சல்லடையில் இறங்கியதுதான் ஃபில்டருக்கு. 30 கிராம் வேண்டும் என்றால் 36 கிராம் கொட்டையை இரண்டு தடவையாக அரையுங்கள், சரியாக வரும்.

ஜாரில் சீரகம், மிளகாய் வாசம் இருந்தால் முதலில் ஒரு பிடி பச்சரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு ஈரமில்லாமல் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவி உடனே அரைத்தால் தூள் சுவரில் அப்பிக்கொள்ளும்.

கொட்டையை வாரத்துக்கு வேண்டியது வெளியே, மிச்சம் காற்றுப் புகாத டப்பாவில். ஐஸ்பெட்டியில் வைத்தால் அந்த டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கவே கூடாது. குளிர்ந்த கொட்டைமேல் நம் ஊர்க் காற்று பட்ட உடனே தண்ணீர் கோக்கும், அந்த ஈரத்தில் இரண்டே நாளில் வாசம் போகும். அரைத்த தூளை ஓர் இரவுக்கு மேல் வைக்காதீர்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். 30 கிராம் தூளில், அதுவும் ரொபஸ்டா கலந்ததில், கஃபீன் லேசுப்பட்டதல்ல. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இந்த 60 மில்லியை ஒரே ஆள் குடித்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம். இரண்டு பேருக்குப் பிரித்துத்தான் குடிக்க வேண்டும். வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இந்தக் கெட்டியில் கொடுக்க வேண்டாம்.


டிக்காஷன்_அக்கா:

அண்ணன் சொன்னபடி சலித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மிச்சப் பாதிக்கு மூன்று இடத்தைப் பாருங்கள்.

சிக்கரி இல்லாத தூள் எப்போதும் வேகமாகத்தான் இறங்கும். சிக்கரி தண்ணீரைக் குடித்து உப்பி ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும், ஃபில்டர் தூளில் அதைச் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு எஸ்பிரஸோ ருசி வேண்டும் என்றால் சிக்கரி வேண்டாம், தூளை இன்னும் கொஞ்சம் நைசாக்குங்கள். பரவாயில்லை என்றால் 30 கிராமில் 4 கிராம் சிக்கரி சேர்த்துப் பாருங்கள், ஓட்டம் உடனே மட்டுப்படும். ஆனால் கறுப்பாகக் குடிப்பவருக்கு அந்த இனிப்பும் மண்வாசமும் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதியில் நின்றால் அது தூளால் மட்டும் இல்லை. மேல் பாகம் கீழ்ப் பாகத்தில் மிக இறுக்கமாக உட்கார்ந்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் டிக்காஷனைத் தாங்கிக்கொள்ளும். மேல் பாகத்தை ஒரு நூல் தூக்கி, காற்று விட்டு மறுபடி வையுங்கள். ‘சொட்டு சொட்டு’ என்று உடனே தொடங்கும். தொடங்கவில்லை என்றால்தான் துளை அடைப்பு.

துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் தெரிய வேண்டும். பழைய தூளின் மார்ஜரினும் சீனியும் உங்கள் ஃபில்டரில் நிச்சயம் ஒட்டியிருக்கும். ஒரு சட்டித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடா உப்புப் போட்டு மேல் பாகத்தைப் பத்து நிமிஷம் கொதிக்க வையுங்கள், பழுப்பாகத் தண்ணீர் வரும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் அடிப்பக்கத்திலிருந்து தேயுங்கள். ஊசி விட்டுக் குத்துவது கடைசி வழி. துளை பெரிதாகிவிட்டால் அந்த ஃபில்டர் பிறகு எந்தத் தூளையும் பிடிக்காது. இதை மாதம் ஒரு முறை செய்தால் போதும், தினமும் வெந்நீரில் அலசுவதோடு சரி.

புளிப்பு என்றால் குறைவாக இறங்கியிருக்கிறது: நைசாக்கு, சூட்டைக் கூட்டு. கசப்பு என்றால் அதிகம் இறங்கியிருக்கிறது: கொஞ்சம் கரகரப்பாக்கு, அல்லது தண்ணீர் கொதித்ததும் இறக்கி முக்கால் நிமிஷம் ஆறவிடு. ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. இந்தச் சூட்டுக் கணக்கு நம் சமவெளிக்கு. கேமரன் மலையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குச் சொல்வதானால், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அவர்கள் ஆறவிடாமல் நேராக ஊற்ற வேண்டும்.


சிப்புட்வாசி:

சலித்துப் போட்டதில் 14 நிமிஷம் எடுத்தது, 58 மில்லி. கறுப்பாகக் குடிப்பவருக்கு முழுத் திருப்தி. இனி பால் கப்புதான் பாக்கி. நுரை வராது என்று அண்ணன் சொல்லிவிட்டார். நுரைக்கு மாற்றாக ஏதாவது உண்டா? பாலை எப்படிக் காய்ச்சுவது? 30 மில்லிக்கு எவ்வளவு பால்?


கடைக்கோப்பி:

எஸ்பிரஸோ நுரை வராது, ஆனால் கறுப்புக் கப்புக்குக் கியூபாக்காரர்கள் செய்கிற ஒன்றைச் செய்யலாம். கீழ்ப் பாத்திரத்தில் இறங்கும் முதல் துளிகளில் ஒரு தேக்கரண்டி எடுத்து, இரண்டு தேக்கரண்டி சீனியோடு ஒரு குவளையில் போட்டு, ஸ்பூனால் ஒன்றரை இரண்டு நிமிஷம் வேகமாக அடியுங்கள். முதலில் கறுத்த பாகாக இருக்கும், அடிக்க அடிக்க வெளுத்து, மஞ்சள் கலந்த பழுப்பாக, ஸ்பூனைத் தூக்கினால் மெல்ல வழிகிற பதத்துக்கு வரும். மிச்ச டிக்காஷனை ஓரமாக ஊற்றிக் கலக்கினால் அந்தக் குழம்பு மேலே வந்து பூவாக நிற்கும். துளி கூடிவிட்டால் சீனி கரைந்து பாகாகிவிடும், வெளுக்கவே வெளுக்காது. அதனால் முதலில் அரைத் தேக்கரண்டி விட்டு அடித்துப் பார்த்துக் கூட்டுங்கள். நைசுச் சீனி வேண்டாம், சாதாரணச் சீனியின் குருணைதான் காற்றைப் பிடிக்க உதவும்.

பால் கப்புக்கு 30 மில்லி டிக்காஷனுக்கு 90 மில்லி பால். 120-க்கு மேல் போனால் ருசி அமுங்கும். கொழுப்பு எடுக்காத பால் வாங்குங்கள், பெட்டியில் வருவது போதும். பாலைப் பொங்க விடாதீர்கள். 60 முதல் 65 டிகிரியில் பாலின் இனிப்பு நன்றாகத் தெரியும், 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய வாசம் ஏறி, நுரையும் தங்காது. தெர்மாமீட்டர் வேண்டாம்: ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டி, ஆவி தெரிய ஆரம்பித்து, சட்டியின் வெளிப்பக்கத்தில் விரலை இரண்டு விநாடிக்கு மேல் வைக்க முடியாத சூட்டில் இறக்குங்கள்.

நுரைக்கு, இறக்கிய பாலைக் கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, மூடியை இறுக்கி, துணியைச் சுற்றிப் பிடித்து அரை நிமிஷம் குலுக்குங்கள். தடித்த கண்ணாடியாக இருக்க வேண்டும், வெந்நீரில் முன்பே அலசிச் சூடாக்கியிருக்க வேண்டும், குளிர்ந்த போத்தல் விரிசல் விடும். குலுக்கியதும் மூடியை மெதுவாகத் திருகுங்கள், உள்ளே ஆவி இருக்கும். போத்தலை மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டினால் பெரிய குமிழ் உடைந்து நைசு நுரை மட்டும் நிற்கும். முதலில் டிக்காஷன், அதன்மேல் பால், கடைசியில் ஸ்பூனால் நுரை.

டின் பாலாக இருந்தால் 30 மில்லிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, அடியில் போட்டு மேலே டிக்காஷன், பிறகு 60 மில்லி வெந்நீர். சீனி தனியாக வேண்டாம். டிக்காஷன் சூடாகவே இருக்க வேண்டும். ஆறியதை ஊற்றினால் டின் பால் அடியில் அப்படியே பசையாக உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு கலக்கினாலும் திப்பி திப்பியாக நிற்கும்.